விட்டவர் கண் சிவந்திருந்தது

உங்கள் வெள்ளைச் சட்டையை நேற்று உங்கள் தங்கை ரோசலி கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல் வைத்தாள். "அண்ணன் சட்டை, அக்கா. எங்க வூட்டுக்காரருக்கு ஆவற மாதிரி கொஞ்சம் புடிச்சிக் குடு" என்றாள். வெளுத்துத்தான் கொண்டுவந்திருந்தாள். ஆனாலும் காலர் மடிப்பைப் பிரித்தபோது கருகிய பச்சிலை வாடை லேசாக அடித்தது. எனக்குத் துக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் என் மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எல்லாம் கஞ்சா பண்ண வேலை. நான் அன்னிக்கே சொன்னேன்" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னார். அவர் அன்றைக்கு என்ன சொன்னார் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் முழுசாகத் தெரியும். இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

நமக்குக் கல்யாணம் பேசியது பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன மறு வருஷம். நீங்கள் மில்லில் ராத்திரி ஷிப்ட். விடிந்து வந்து பகல் வெளிச்சத்தில் படுத்தால் தூக்கம் வராது என்று கூட வேலை செய்தவர்கள் பழக்கிவிட்டார்களாம். பீடியில் கொஞ்சம் கலந்து இழுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்கலாம் என்று. அப்படித்தான் தூங்கினீர்கள். எழுந்து குளித்துத் தலை வாரி வெளியே வந்தால் ஊரில் உங்களைப் போலத் தெளிவான முகம் கிடையாது. மாமாவே நிச்சயத்தன்று, "பையன் கண்ணப் பாரு, பளிச்சினு இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார்.

உண்மையை எனக்குச் சொன்னது ரோசலிதான். கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் இரண்டு பேரும் ஒரே சட்டத்தில் பூ போட்டுக்கொண்டிருந்தோம். "அத வுட்டாதான் கழுத்த நீட்டுவேன்னு உங்கண்ணன் கிட்ட சொல்லிடு" என்றேன். மறுநாளே பதில் வந்தது. "வுட்டாச்சாம். சொல்லச் சொன்னாரு." அவ்வளவுதான். பேரம் இல்லை, சத்தியம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரம்தான் கோவிலில் நம் முதல் கல்யாண ஓலையை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். தடை சொல்ல யாருக்காவது ஏதாவது இருந்தால் அதற்குள் சாமியாரிடம் சொல்லிவிட வேண்டும். ராத்திரியில் தூங்கலாம் என்று மில்லில் கேட்டுப் பகல் ஷிப்டுக்குக் கூட மாறிக்கொண்டீர்கள். என்ன புண்ணியம்? இருட்டிலும் தூக்கம் வரவில்லை. பாய் நனைகிற அளவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, சோற்றைத் தொடுவதில்லை, கண் அயர்ந்தால் கத்திக்கொண்டு எழுந்துவிடுகிறார் என்று ரோசலி வந்து வந்து சொன்னாள்.

இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து சனம் கலையும்போது, அம்மா பக்கத்தில் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் என்னிடம் வந்தீர்கள்.

"கனவா வருது" என்றீர்கள். "இத்தினி வருஷமா ஒண்ணுகூட வந்ததில்ல. இப்ப எல்லாம் சேத்து வச்சிக்கினு வருது. கண்ண மூடவே பயமாக்கீது."

"சரியாப் பூடும்" என்றேன்.

"எப்ப?"

எனக்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரியில் கேட்டதற்குக் கம்பவுண்டர் சிரித்தாராமே. விட்டதால் வருகிற தூக்கமின்மை இது, கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டிரு, போகப் போகக் குறையும், அப்புறம் உன் தூக்கம் உனக்கே திரும்பி வரும் என்று சொல்ல இந்த ஊரில் ஒரு வாய் இல்லை. அந்த ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் போதும். கிடைக்கவில்லையே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாமாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. அங்கே அபின்காரர்களைப் பார்த்த கண் தன்னுடையது என்று அவருக்கு ஒரு மிதப்பு. அன்றைக்குக் கோவில் வாசலில் உங்களை மேலும் கீழும் பார்த்தார். கன்னம் ஒட்டி, கை நடுங்கி, கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்து நின்றீர்கள். வீட்டுக்கு வந்ததும், "இவன் கஞ்சா குடிக்கி. சைகோன்ல இந்த மூஞ்சிய எத்தினி பாத்திருப்பேன்" என்றார்.

"குடிச்சிக்கினு இருந்தாரு மாமா. வுட்டுட்டாரு. வுட்டதாலதான் தூக்கம் இல்லாம இப்டி இருக்காரு" என்றேன்.

"போடி பைத்தியம். வுட்டவன் நிம்மதியாத் தூங்குவான். குடிக்கிறவன் கண்ணுதான் செவக்கும்."

அம்மாவும் தலையை ஆட்டினாள். நான் அழுதேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். பையன் மீது பெண்ணுக்கு மயக்கம் என்று அதற்கும் ஒரு பேர் வைத்தார்கள்.

மாமா சாமியாரிடம் போய்த் தடை சொன்னார். உங்களை அழைத்து விசாரித்தார்கள். யாரிடமும் குரல் உயர்த்தாத நீங்கள் அன்றைக்கு மேசையைத் தட்டி, மாமாவை வாயில் வந்தபடி ஏசினீர்களாம். தூங்காத மனுஷனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? அதுவே சாட்சியாகிவிட்டது. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

அன்று சாயங்காலமே நீங்கள் பழையபடி கஞ்சா இழுக்க வாய்க்கால் ஓரம் போனதாக ரோசலி சொன்னாள். அன்றைக்குத் தூங்கியவர் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தீர்களாம். அவளுக்கு அதில் சந்தோஷம்கூட. அண்ணன் ஒரு வழியாகத் தூங்கினாரே என்று.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. கிறிஸ்துமஸ் பூசையில் மாமா உங்களை மறுபடி பார்த்தார். சவரம் செய்து, சதை பிடித்து, கண் வெள்ளை வெளேரென்று இருந்தீர்கள். வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்துகொண்டு, "பையன் தெளிஞ்சிட்டான்டி. வுட்டுட்டான் போலக்கீது. வேணும்னா மறுபடி பேசிப் பாக்கலாமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அம்மா பயந்துபோய் என் தலைக்குத் தண்ணீர் தெளித்தாள்.

மானத்தை விட்டு உங்கள் வீட்டுக்கு வந்து, மறுபடி விடுவீர்களா என்று உங்களையே கேட்டேன். நீங்கள் வாசலில் நின்றபடி, "இப்ப நல்லாத் தூங்கறேன். அதக் கெடுத்துக்க எனக்குத் தைரியம் இல்ல" என்றீர்கள். பிறகு, "உங்க மாமன்கிட்டயும் பொய் சொல்லி உன்னக் கட்டிக்க மாட்டேன்" என்றீர்கள். அந்தத் தைரியம் மட்டும் எங்கிருந்து வந்தது? எனக்கு உங்கள் மீதும் கோபம்தான். ஓலை நின்றுபோன பெண்ணை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? ஏழு வருஷமாக ஊருக்கெல்லாம் கல்யாண உடுப்பு தைத்துக்கொடுக்கிறேன்.

கஞ்சாக்காரன் என்று சொல்லி உங்களைப் புதைத்துவிட்டார்கள். சொல்லட்டும். சிவந்த கண்ணோடு, விழுந்துவிடாமல் இருக்கக் கோவில் தூணைப் பிடித்துக்கொண்டு, "எப்ப?" என்று கேட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் எனக்காக அத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தார். நான் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டது அவரைத்தான்.