தம்பியை ஏணி ஏற விடாதீர்கள்

என்னங்க, நாளைக்குப் புயல் கரை கடக்கும் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். பாதி ஓடு பறந்த இந்த வீட்டில் நம் மகள் பத்து நாள் பிள்ளையோடு கிடக்கிறாள். எனக்காகத்தான் என் தம்பி முருகையனிடம் ஓடு போடும் வேலையைக் கொடுத்தீர்கள். அதை மறந்து காலையில் கத்திவிட்டேன். ஆனால் அவன் ஓடு போட்ட பாஞ்சாலி வீட்டைப் பார்த்தேன். “மழை பெய்ஞ்சா எங்க வூட்டுக்குள்ள மாடுகூட வராது யக்கா” என்கிறாள்.

யூசுப் அலி ஓடு போட்ட மூன்று வீட்டிலும் போன புயலுக்கு ஒரு ஓடுகூட அசையவில்லை. காலில் விழுந்தாவது அவரைக் கூட்டிவரக் கண்டமங்கலம் போகிறேன்.

தம்பி வந்தால், “உங்க அக்காதான் வேணாம்னுச்சு” என்று பழியை என் மேல் போடுங்கள். அடுப்பு மேல் கூழ் இருக்கிறது, அவனுக்கும் ஊற்றுங்கள்.

அவனை அனுப்பிவிடாதீர்கள். பொழுது சாய்வதற்குள் நான் வராவிட்டால் அவனையே ஏற்றுங்கள்.