அங்கை மாடி உச்சிக்கு ஏறிய அன்று

விளாங்குடி,
மதுரை.

அன்பு மகன் அருள்பாண்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மருமகள் தமிழ்ச்செல்வி, உன் மகள் அங்கை எல்லோரும் அழகர் புண்ணியத்தில் சுகம். இந்த வரியை இன்னொரு தடவை படித்து மூச்சு விட்டுக்கொள், பிறகு கீழே படி. உங்கள் கப்பலில் போன் கருவி பழுது, ஆட்கள் எல்லோரும் நலம், அடுத்த துறைமுகத்தில் பேசுவார்கள் என்று நேற்றுக் காலையில்தான் கம்பெனியிலிருந்து சொன்னார்கள். கடிதம் அனுப்பினால் அங்கே உன் கையில் சேர்த்துவிடுவார்களாம். அதுவரை நாங்கள் இருந்த இருப்பை எழுதி முடியாது. உன் போன் வராமல் நாள் போகப் போக, ஏதோ ஒரு கப்பலைக் கடத்திவிட்டார்கள் என்று டிவியில் சொல்ல, நானும் உன் அம்மாவும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசிக்கொள்வோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும் என்று நினைத்தோம்.

அவள் பார்க்கிற நிஞ்சா கார்ட்டூனில் தாடி வைத்த ஓர் அப்பா வருவாரே, நீ கூடப் போனில் அவரைப் போலப் பேசிக் காட்டுவாய். சண்டைக்குப் போகும்போதுகூட மகளிடம் சாப்பிட்டியா என்று கேட்பவர். ஒல்லிக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தொப்பை வெளியே தெரிய, நான் மாயமாய் மறைந்துவிட்டேன் என்பவர். போன ஞாயிற்றுக்கிழமை அவர் மகளை மட்டும் பாலம் தாண்டி அனுப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே எதிரிகளோடு நின்றுவிட்டார். பாலம் இடிந்தது, ஒரே புகை, தொடரும் என்று போட்டுவிட்டார்கள். அந்த மகள் ஊரிலேயே உயரமான கோபுரத்தில் ஏறி அப்பா வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நம் பிள்ளை அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அவள் எதோடு எதைச் சேர்த்துப் பார்த்தாள் என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவளைக் காணோம். தமிழ்ச்செல்வி தல்லாகுளத்தில் ஆபீசில் இருந்தாள். தெருவில் தேடி, கடையில் கேட்டு, கடைசியில் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால், படிக்கட்டு அறைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா, கைப்பிடிச் சுவர்கூட இல்லாத இடம், அங்கே தெருப்பக்க விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் டிஷ் ஆன்டெனாவின் கம்பி. என்னை அறியாமல் பேரைச் சொல்லிக் கத்திவிட்டேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பியதில் உடம்பு ஒரு பக்கம் வழுக்கியது. செருப்பு ஒன்று கழன்று தெருவில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்கப்புறம் கம்பியைப் பிடித்த பிடியில் அவள் அழவும் இல்லை, அசையவும் இல்லை. அங்கே ஏறுகிற இரும்பு ஏணி துருப்பிடித்துப் போனது, பிள்ளையைத் தாங்கும், ஆளைத் தாங்காது. நான் ஒரு கால் வைத்ததும் சுவரிலிருந்து ஆணி பெயர்ந்து வந்தது.

பந்தல் போடுகிற ராஜபாண்டி பக்கத்து வீட்டில் இருந்தது நாம் செய்த புண்ணியம். சத்தம் கேட்டு வந்தவன், மூங்கில் ஏணி எடுத்து வாரேன், அதுவரை பிள்ளையைப் பேச்சுக் கொடுத்து வையுங்கண்ணே என்று சொல்லிவிட்டு ஓடினான். கீழே தெருவில் உன் அம்மாவும் மூன்று பெண்களும் சமுக்காளத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த உயரத்துக்குச் சமுக்காளம் எந்த மூலைக்கு? பேச்சுக் கொடுக்க வேண்டியவன் நான். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேடிக்கை எங்கே வரும்? மாடியில் அவள் கண்ணுக்குப் படுகிற இடத்தில் துணி காயப் போடுகிற கம்பி கட்டிய குழாய் ஒன்று நின்றது. அதன் பின்னால் போய் நின்றேன். தாடி நிஞ்சா குரலில் சொன்னேன்.

"நான் மாயமா மறைஞ்சுட்டேன். யாருக்காச்சும் தெரியுறேனா?"

அப்புறம் மேலேயிருந்து மெதுவாக, "ஐயா, வயிறு தெரியுது" என்றாள்.

வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, இப்போது தெரிகிறதா என்று கேட்டேன். மூக்கு தெரிகிறது என்றாள். சிரித்துவிடுவாளோ, சிரித்தால் பிடி நழுவுமோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. நிஞ்சா மகள்கள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் சிரிக்க வேண்டும், அதுதான் சட்டம் என்றேன். பிடித்துக்கொண்டாள். பின்பக்கமாக ராஜபாண்டி ஏணி சாத்துகிற சத்தம் கேட்டுத் திரும்பப் போனாள். திரும்பவிடக் கூடாது. அங்கே என்னம்மா பார்க்கிறாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கப்பாவ. நீங்களும் அப்பத்தாவும் பேசுனீங்கல்ல. எங்கப்பா வருவாராய்யா?"

அப்போது உன்னைப் பற்றி எங்கள் யாருக்கும் ஒரு தகவலும் கிடையாது. நான் பொய் சொல்கிறேனா மெய் சொல்கிறேனா என்று எனக்கே தெரியாது. "வருவான்த்தா" என்றேன். குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, என் சொந்தக் குரலில் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ராஜபாண்டியின் கை அவள் இடுப்பைச் சுற்றி வளைத்தது.

கீழே இறங்கினதும் உன் அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். தமிழ்ச்செல்வி வந்து கேட்டுவிட்டு ஒரு சொல் திட்டவில்லை, மகளுக்குத் தலை சீவிவிட்டாள், சீவிய தலையையே மறுபடி மறுபடி சீவினாள். அந்த இரும்பு ஏணியை அன்றைக்கே அறுத்தெடுத்துவிட்டேன். இனிமேல் வீட்டில் குசுகுசுப் பேச்சு கிடையாது, எது என்றாலும் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி அவளிடமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். நீயும் அப்படியே செய். கடலுக்குள் போகும்போது இத்தனை நாள் பேச முடியாது என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போ.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் வெறும் தலையோடு நிற்காதே. உன் ஆயுசு கெட்டியாக இருக்க உன் அம்மா பாண்டி முனீஸ்வரருக்கு நேர்ந்திருக்கிறாள், வந்ததும் செலுத்த வேண்டும். மறக்காதே, கரையில் கால் வைத்ததும் முதல் போன் அங்கைக்கு, எங்களுக்கெல்லாம் அப்புறம். நான் பேசிய தாடி நிஞ்சா நன்றாகவே இல்லையாம், எங்கப்பாதான் சரியாகப் பேசுவார் என்று சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர் திரும்புவாரா என்று எனக்குத் தெரியாது, அது கதை எழுதுகிறவன் பாடு. நீ வருவாய் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நூறு வயசு நன்றாக இருப்பாய்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
சின்னச்சாமி