மைக் படம் போட்ட பொத்தான்

2.1.2006, திங்கள்
காலையில் பனி. துணி காயவில்லை. சர்ச் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை டிவிடி வந்தது. சாயங்காலம் போட்டோம். ஆர்கன் கேட்கிறது, பாடகர் குழு கேட்கிறது, என் தனிப்பாடல் மட்டும் இல்லை. வாய் அசைகிறது, அவ்வளவே. இவர்: "உன் மைக்க ஆஃப் பண்ணிட்டாங்க போல." இவருக்கு அன்று ஷிப்ட், சர்ச்சுக்கு வரவில்லை. வந்தவர்கள் யாரும் என் பாட்டு கேட்டதா இல்லையா என்று பேசவில்லை. ஏழு வருடத்தில் முதல் தனிப்பாடல். மைக் பக்கத்தில் நின்றது குழுத் தலைவி குளோரி அக்கா.

4.1, புதன்
தோல் ஃபேக்டரியில் ஷேடு பார்க்கும் வேலை, நிறம் ஒத்துப்போகிறதா என்று. இரண்டு பழுப்புத் தோல், டியூப் லைட்டில் ஒன்று போல. ஜன்னலோரம் வேறு வேறு. புது சூப்பர்வைசர்: "இன்னா மேடம், ஒரே தோலு தான?"
"தோலு ஒண்ணுதான். எதுல பாக்கறோம்னு இருக்குதில்ல."
மதியம் குளோரி அக்காவுக்குக் கடிதம். இனி குழுவுக்கு வர இயலாது. என் குரல் உங்களுக்குத் தேவைப்படவில்லை என்பது டிவிடியில் தெரிகிறது. இரண்டாவது வரி அதிகம். ஆனாலும் அதை அடித்துவிடவில்லை. உறையை ஒட்டி, அவர் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.
வாங்க: ரவை, சொட்டு நீலம், டார்ச் செல்.

6.1, வெள்ளி
பக்கத்து வீட்டு ஷாஹின், "உங்க பாட்ட எனக்கு காட்டவே இல்லியே அக்கா" என்று டிவிடியைப் பிடுங்காத குறை. அவள் வீட்டில் போட்டோம். அவள் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த பிளேயர். எங்கள் வீட்டு டிவியில் எல்லாப் புடவையும் செங்கல் நிறம். அங்கே மெரூன் மெரூனாக, ஆரஞ்சு ஆரஞ்சாக. அங்கே படத்துக்கே மூன்று ஒயர். நமக்கு ஒரே ஒரு மஞ்சள் ஒயர்.
என் குரலும் இருந்தது. நன்றாகவே.
மூன்றாவது சரணத்தில் ஷாஹின்: "இங்க வேற யாரோ பாடறாங்களே?"
திருப்பிப் போட்டோம். என் வாய் மூடியிருக்கிறது. குளோரி அக்கா மைக்குக்குக் குனிந்து ஒரு முழு வரி பாடுகிறார். அடுத்த வரியில் நான் சேர்கிறேன். நிறுத்திய நினைவே இல்லை எனக்கு.
டீ ஆறிவிட்டது. ஷாஹின் வேறு போட்டுத் தந்தாள்.

7.1, சனி
ஷாஹின் வீட்டுக்காரர் வந்து எங்கள் ரிமோட்டைப் பார்த்தார். மைக் படம் போட்ட பொத்தான். "கரோகேல நிக்குதுங்க. நடுவுல வர்ற குரல எடுத்துடும், நீங்க மைக் புடிச்சு பாடறதுக்கு."
கிறிஸ்துமஸ் அன்று இவரும் தோஸ்துகளும் கரோகே போட்டுப் பாடியது.
"அப்ப நான்தான் அமுக்கிட்டேன்" என்றார் இவர், தாடியைச் சொறிந்தபடி. "கலரும் அதாலயா பாய்?"
"அது ஒயருங்க. உங்க டிவில மூணு ஒயருக்கு எடமில்ல."
அந்தப் பொத்தானை அமுக்கினேன். என் குரல் வந்தது. மூன்றாவது சரணத்துக்கு முன் நிறுத்திவிட்டேன்.
கடிதம் போய் மூன்று நாள்.

8.1, ஞாயிறு
வெயில். ஆராதனை முடிந்து படிக்கட்டில் குளோரி அக்கா. பைபிளுக்குள்ளிருந்து உறையை எடுத்தார்.
"ஏதோ லெட்டர் குடுத்தியாமே. கண்ணாடி ஒடஞ்சிட்சி, படிக்கவே இல்லடி. இன்னா எழுதிக்கிற?"
"ஒண்ணுமில்லக்கா. குடுங்க."
"அப்ப வியாழக்கிழம பிராக்டிஸுக்கு வர்றல்ல?"
"வர்றேங்க்கா."
பஸ்ஸில் பையைத் திறந்து பார்த்தேன். நான் ஒட்டிய இடத்தில் உறை கிழிந்திருந்தது.