ஞாயிறு பத்து மணிக்கு அழிந்தவை

அக்டோபர் 25, சனி

காலையிலிருந்து தூறல். நசரத்பேட்டையில் கிளம்பி வானகரம் வழியாக அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். ரெயின்கோட்டுக்கு உள்ளேயும் ஈரம்.

நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுக்கும் காது பரிசோதனை மையத்தில் புது கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் புது இயங்குதளம். பார்க்கப் பளபளப்பு, பழசு எதையும் உள்ளே விடமாட்டேன் என்கிறது. காது சோதிக்கும் கருவியோடு வந்த மென்பொருளோ ரொம்பப் பழசு. நிறுவவே முடியவில்லை. புதுக் கருவி வாங்கலாம் என்றேன். மேனேஜர் ரகு சார் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

எனவே, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். மெய்நிகர் கணினி. அதில் பழைய இயங்குதளம், அதற்குள் பழைய மென்பொருள். கருவியின் கேபிளை உள்ளே இருப்பதோடு பேசவைக்கத்தான் மதியம் முழுக்கப் போனது.

டெக்னீஷியன் கலைவாணிக்கு விளக்கினேன். கெட்டிக்காரி.

"அதாவது ஊட்டுக்குள்ள இன்னொரு ஊடு. உள்ள பழைய ஆளு குடி கீறான். அவ்ளோதானேக்கா?"

அவ்வளவுதான்.

தானாக நடக்க ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டது:
காலை 7.15 – உள் கணினி எழும், மென்பொருள் திறக்கும்.
மாலை 6 – அணையும்.
ஞாயிறு காலை 10 – இன்று பதிவெடுத்து வைத்த சுத்தமான நிலைக்குத் திரும்பும். வாரம் முழுக்கச் சேர்ந்த குப்பை, பென்டிரைவில் வந்த வைரஸ், எல்லாம் காலி.

மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. என் யோசனை.

அறிக்கை ஒன்றை வெளிக் கணினியின் ஃபோல்டரில் சேமித்துப் பார்த்தேன். வந்தது. பிரின்டர் மட்டும் உள்ளிருந்து வேலை செய்யவில்லை. ரகு சார்: "பிரின்டர் மெதுவா பாத்துக்கலாம்மா. ஒரு வாரத்து ரிப்போர்ட்ட மொத்தமா எடுத்துக்கலாம். டெஸ்ட் நிக்கக் கூடாது."

தோசை மாவு வாங்க மறந்தாச்சு.

அக்டோபர் 27, திங்கள்

மழை இல்லை, புழுக்கம். முதல் நாள் என்பதால் ஏழு மணிக்கே ஆஜர். 7.15க்கு யாரும் தொடாமல் திரை விழித்தது. கலைவாணி கை தட்டினாள்.

பக்கத்துத் தெரு பிரஸ் ஷாப்பிலிருந்து ஆட்கள். தகடு அடிக்கும் தொழிற்சாலை. ராத்திரி முழுக்க மெஷின் சத்தம் கேட்காத காதாக இருக்க வேண்டும், அதனால் வார விடுமுறை முடிந்த திங்கள் காலை, ஷிஃப்டுக்கு முன்னால் வருகிறார்கள். வரிசையில் பிச்சாண்டி என்பவர். ஐம்பது வயதிருக்கும். பேசுகிறவர்களின் வாயையே பார்க்கிறார். எல்லாவற்றுக்கும் சிரிக்கிறார்.

நான் பிரின்டரோடு மல்லுக்கட்டிவிட்டு ஒன்பதுக்குக் கிளம்பும்போது கலைவாணி மெல்லச் சொன்னாள்: "அந்த அண்ணனுக்கு லெஃப்ட் காது சுத்தமா இல்லக்கா. இந்த ரிப்போர்ட் போனா பேக்கிங் செக்‌ஷனுக்கு மாத்திடுவாங்க. இல்லாங்காட்டி ரைட்டும் பூடும்."

அக்டோபர் 30, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. கேஸ் புக் செய்தாயிற்று.

கலைவாணியின் வாட்ஸாப்: "சூப்பரா ஓடுதுக்கா. ஒருவாட்டி கூட ஹேங் ஆவல." மூர்த்தியிடம் காட்டினேன். "என் பொண்டாட்டி பெரிய ஆளுதான்" என்றார், கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நவம்பர் 2, ஞாயிறு

மட்டன். மழை. 10.02க்குப் போனில் செய்தி: "சுத்த நிலைக்குத் திருப்பப்பட்டது. வெற்றி." நானே எழுதிவைத்த வாசகம். படுத்தபடியே படித்தேன். சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 3, திங்கள்

8.10க்கு போன். "அக்கா, போன வாரம் எடுத்தது ஒண்ணுமே இல்ல. ஒரு பேரு கூட இல்ல. இன்னாச்சுக்கா?"

கேட்ட நொடியே தெரிந்துவிட்டது. வாய் மட்டும், "இரு, வந்து பாக்கறேன்" என்றது.

போய்ப் பார்த்தேன். நான் சேமித்துப் பார்த்தது வெளி ஃபோல்டரில். கலைவாணி தினமும் அழுத்துகிற 'சேமி' பொத்தானோ எல்லாவற்றையும் மென்பொருளின் சொந்தப் பெட்டிக்குள், அதாவது உள் கணினிக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஞாயிறு பத்து மணிக்கு அந்த உள் கணினியை என் ஸ்கிரிப்ட் சனிக்கிழமை 25ஆம் தேதிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வாரம் முழுவதும் குப்பைக் கணக்கில் போயாயிற்று. பிரின்ட் ஒன்றும் எடுக்கவில்லை.

ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "நீ சேமிக்கிறது எங்க போகுது, காட்டு." கேட்கவில்லை.

ரகு சார் கலைவாணியை என் முன்னாலேயே நிற்கவைத்து: "சேவ் பண்ணியா இல்லையா?"

"பண்ணேன் சார்."

"பண்ணா எங்க?"

"எப்பவும் அமுக்குற பட்டன்தான் சார் அமுக்கினேன்…"

"எப்பவும் அமுக்குறது பழைய கம்ப்யூட்டர்ல. இது புதுசு. தெரியலன்னா கேக்கணும்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். "ரெகவர் பண்ண முடியுமான்னு பாக்கறேன் சார்" என்றேன். அது பொய்யில்லை. அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

கனமழை. பள்ளி விடுமுறை. மையத்திலிருந்து டிஸ்க்கின் நகலை எடுத்து வந்து வீட்டில் மூன்று மீட்புக் கருவிகள். ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த வகை டிஸ்க் அழித்த இடத்தைத் தானே துடைத்தும் வைத்துவிடும். முதல் கருவியிலேயே தெரிந்துவிட்டது. மற்ற இரண்டும் நேரம் கடத்த.

மாலை ரகு சார் போன். "அந்தப் பொண்ண வர வேணாம்னு சொல்லிட்டேன். ஃபேக்டரிக்கு ஒரு பதில் சொல்லணும்ல. நீங்க புதுசா வர்ற பொண்ணுக்கு ஒழுங்கா சொல்லிக் குடுங்க."

"சார்…" என்றேன்.

"சொல்லுங்கம்மா."

"ஒண்ணுமில்ல சார்."

இதை இங்கேயாவது அப்படியே எழுதிவைக்கிறேன். ஒண்ணுமில்ல சார் என்றேன்.

நவம்பர் 5, புதன்

கலைவாணியிடமிருந்து செய்தி இல்லை. நானும் அனுப்பவில்லை.

எனக்கு நானே சொல்லிக்கொண்டவை: பிரின்டர் ஓடியிருந்தால் தாள் இருந்திருக்கும். தள்ளிப்போட்டது ரகு சார். சுத்தம் செய்வது நல்ல பழக்கம், எல்லாரும் செய்வதுதான். மென்பொருள் பழசு. அவளும் கேட்டிருக்கலாம்.

எழுதிப் பார்த்தால் ஒன்று கூட நிற்கவில்லை.

மூர்த்தியிடம் சொன்னேன். டிவியை அணைத்தார். "அந்தப் பொண்ணு ஊட்ல யாரு சம்பாதிக்கறா?" எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடமாக அவள் கையால் டீ வாங்கிக் குடிக்கிறேன், தெரியவில்லை.

ஸ்கிரிப்டிலிருந்து ஞாயிறு வரியை எடுத்தேன். எடுக்க நான்கு விநாடி.

நவம்பர் 6, வியாழன்

மையம். கதவை மூடிவிட்டுச் சொன்னேன். "சார், அது கலைவாணி தப்பில்ல. நான் எழுதுன ஸ்கிரிப்ட்தான் அழிச்சுது."

ரகு சார் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு:

"நீங்க சொன்னது எனக்குக் கேக்கலன்னு வச்சுக்கலாம்மா."

"சார்?"

"கம்ப்யூட்டர் தப்புன்னு சொன்னா நாளைக்கு எல்லா ரிப்போர்ட்டையும் சந்தேகப்படுவான். ஃபேக்டரி கைய விட்டுப் போயிடும். பொண்ணு தப்புன்னா, பொண்ண மாத்திட்டோம்னு சொல்லிக்கலாம். நீங்களும் பொழைக்கணும்ல?"

வெளியே வரும்போது காலி நாற்காலி. மேலே அவளுடைய மஞ்சள் ஸ்வெட்டர். ஏசி குளிர் தாங்காமல் போட்டுக்கொள்வாள். எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

சேக்காடு, கலைவாணி வீடு. தெருவில் கணுக்கால் தண்ணீர். ஸ்கூட்டரை மெயின் ரோட்டில் விட்டு நடந்தேன். மாடி வீடு, ஒற்றை அறை. அப்பா கட்டிலில். அவருக்குப் பக்கவாதம். சம்பாதிப்பவள் இவள்தான்.

ஸ்வெட்டரைக் கொடுத்தேன். "இதுக்கா மழைல வந்தீங்க?" என்று சிரித்தாள். உட்காராமலே சொல்லி முடித்தேன். ஞாயிறு, பத்து மணி, ஸ்கிரிப்ட், எல்லாம்.

சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் போயிற்று.

"எப்ப தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமையே."

"நாலு நாளு." விரலை மடக்கி எண்ணினாள். "நாலு நாளா நான் எந்த பட்டனை அமுக்கினேன்னு இந்தக் கையையே பாத்துகினு கீறேன். தூக்கம் கெடையாது. எங்கப்பாகிட்ட நான்தாம்பா தப்பு பண்ட்டேன்னு சொல்லிக்கீறேன். நீ பக்கத்துல நின்னுகினு இருந்த."

"தப்புதான் கலை."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? ஃபேக்டரில போய் சொல்லு. பிச்சாண்டி அண்ணன் இன்னும் பிரஸ்லதான் நிக்குது, தெரியுமா? ரிப்போர்ட் இல்லன்னு மாத்தாம வுட்டுட்டாங்க. நேத்து ஸ்டேஷனாண்ட பாத்தேன். எப்ப வரும் ரிப்போர்ட்டுன்னு கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?"

கட்டிலிலிருந்து அவள் அப்பா ஏதோ குழறினார். தண்ணீர் கொடுத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. படியிறங்கினேன்.

நவம்பர் 8, சனி

ஒரு பக்கக் கடிதம். ஐந்து முறை அடித்தது. முதல் நான்கிலும் "தொழில்நுட்பக் கோளாறு" என்று இருந்தது. ஐந்தாவதில்: "நான் எழுதிய ஸ்கிரிப்ட் அழித்தது. டெக்னீஷியன் சரியாகவே சேமித்திருந்தார்." கீழே கையெழுத்து, போன் நம்பர்.

பிரஸ் ஷாப் கேட்டில் அரை மணி நேரம். உள்ளே தரையே அதிர்கிறது. தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண். கண்ணாடியை இறக்கி இரண்டு முறை படித்தார்.

"மறுபடியும் இது ஆகாதுன்னு நான் எப்படி நம்பறது?"

ஞாயிறு வரியை எடுத்துவிட்டதைச் சொன்னேன். இனி அன்றன்று வெளியே ஒரு நகல், அன்றன்றே தாளில் பிரின்ட். பிரின்டரைச் சரிசெய்யாமல் திங்களன்று நான் வீட்டுக்குப் போவதில்லை.

யோசித்தார். "திங்கக்கிழமை எல்லாரையும் திரும்ப அனுப்பறேன். ஆனா டெஸ்ட் அதே பொண்ணுதான் எடுக்கணும். உங்க மேனேஜர்கிட்ட நானே பேசறேன்."

பிச்சாண்டியை அதுவரை பிரஸ்ஸிலிருந்து விலக்கிவைக்க முடியுமா என்றேன். போனை எடுத்தார்.

மதியம் ரகு சார் போன். கத்தவில்லை. "அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆள் பாத்துக்கறோம்மா" என்றார். சரி சார்.

நவம்பர் 9, ஞாயிறு

பத்து மணிக்கு போன் சும்மா கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரின்டர் டிரைவர் ஒருவழியாகக் கிடைத்தது. வீட்டில் இருக்கும் டிஸ்க் நகலில் நிறுவிப் பார்த்தேன், ஏறியது.

நவம்பர் 10, திங்கள்

மழை விட்டிருந்தது. ஏழுக்குப் போனால் கலைவாணி எனக்கு முன்னே. மஞ்சள் ஸ்வெட்டர். "குட் மார்னிங் மேடம்" என்றாள். நாளையும் வர வேண்டுமா என்று ரகு சாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிரின்டர் ஓடியது. முதல் ஆளுடைய அறிக்கை சூடாக வந்தது. அவள் தாளை எடுத்து, பெயரைத் திரையோடு ஒத்துப்பார்த்து, வெளி ஃபோல்டரைத் திறந்து, அங்கேயும் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட்டாள். ஒவ்வொருவருக்கும் அப்படியே. நான் பின்னால் நின்றேன்.

ஐந்தாவது பிச்சாண்டி. சனி மதியத்திலிருந்து பேக்கிங்கில் போட்டிருக்கிறார்களாம், ரிப்போர்ட் வரும்வரை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தார். கலைவாணி ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும் என்று சைகையில் காட்டினாள். கதவை மூடினாள். இடது காது முதலில்.

அழுத்தினாள். விரல் அசையவில்லை. கூட்டினாள். இன்னும் கூட்டினாள். திரையில் அளவு ஏறிக்கொண்டே போனது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். கருவியின் கடைசி அளவு. அதையும் அழுத்தினாள்.

மைக்கில் அவர் குரல் வந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலியாம்மா?"