விழுகிறவருக்குக் கனமில்லை

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் போய் ஆறு வருஷமாகிறது. எழுத வேண்டியதை இப்போதுதான் எழுதுகிறேன்.

நம் மலையில், தேவனூர் நாட்டுப் பாறையில் நீங்கள் தேனெடுக்க இறங்கியபோது, நம் வழக்கப்படி பெண்டாட்டியின் தம்பியான நான்தான் மேலே நின்று, உங்களைத் தாங்கிய காட்டுக்கொடியைப் பிடித்திருந்தேன். பாறை விளிம்பில் உரசி அது அறுந்தது. என் கையிலிருந்த பாரம் சட்டென்று இல்லாமல் போய், நான் மல்லாந்து விழுந்தேன். நீங்கள் கூப்பிட்டீர்களா? எனக்குக் கேட்கவில்லை.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அக்கா மட்டும் ஒன்று கேட்டாள். "கீழ வாரப்ப அந்த மனுசனுக்கு எப்படி இருந்திருக்கும் கண்ணு? பூமி புடிச்சு இழுத்திருக்குமே?" அதையே நினைத்துக்கொண்டு சாப்பாடு இறங்காமல் கிடந்தாள். அந்தக் கேள்வியோடு நான் திருச்சிக்குப் படிக்கத் திரும்பினேன்.

கல்லூரியில் ஒருநாள் பேராசிரியர் தண்ணீர் வாளியைத் தலைக்கு மேலே சுழற்றினார். வாளி தலைகீழானபோதும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சுழற்சியே ஒரு கனத்தை உண்டாக்கித் தண்ணீரை வாளியின் அடிப்பக்கமாக அழுத்துகிறது என்றார். பிறகு, ஜன்னலில்லாத ஓர் அறையை விண்வெளியில் வேகம் கூட்டிக்கொண்டே மேலே இழுத்தால், உள்ளே இருப்பவர் பூமியில் நிற்பதாகவே நினைப்பார்; உண்டாக்கிய கனத்தையும் பூமியின் கனத்தையும் அவரால் பிரித்தறிய முடியாது என்றார்.

"அந்த அறையை விழவிட்டால்?" என்று கேட்டேன்.

"கனமே தெரியாது. தரை நம்மைத் தாங்குகிறதே, அதைத்தான் கனம் என்று உணர்கிறோம். விழுகிறவரைத் தாங்க ஒன்றுமில்லை."

அடுத்த விடுமுறையில் துறையூரில் பஸ் மாறி, புளியஞ்சோலை வழியாக மலையேறினேன். அக்காவைத் தினைக்காட்டுக்கு அழைத்துப் போய், முழங்கால் உயர வரப்பில் ஏற்றி, உள்ளங்கையில் ஒரு கல்லை வைத்துக் குதிக்கச் சொன்னேன்.

"உனக்கென்ன பைத்தியமா தம்பி?" என்றாள். ஆனாலும் குதித்தாள். ஏறி மறுபடி குதித்தாள். மூன்றாம் முறை கல்லையே பார்த்துக்கொண்டு குதித்தாள்.

"நடுவுல கல்லு கனக்கவே இல்ல சாமி."

"மச்சானுக்கும் அப்படித்தான் அக்கா. இழுக்குற மாதிரியே இருந்திருக்காது."

"செரி. தரைக்கு வந்தப்ப?"

"ஒரு நொடிதான் அக்கா" என்றேன். அவள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். எழுந்ததும், "பசிக்குது, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

கைக்குழந்தையாக நீங்கள் விட்டுப்போன மகள் இப்போது பலாமரம் ஏறுகிறாள். அக்கா கீழே நின்று பார்ப்பாள். இறங்கு என்று சொல்வதில்லை. அப்பா எப்படிப் போனார் என்று குழந்தை இன்னும் கேட்கவில்லை. கேட்கும் நாளில், ஆறுதலான விஞ்ஞானத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கொடியைப் பிடித்திருந்தவன் நான் என்பதை முதலில் சொல்லிவிடுவேன். அதன்பின் அவள் என்ன கேட்டாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்மாமன்