கண்ணில் மஞ்சள் இறங்கிய பிறகு

தம்பி,

சூப் ஃப்ரிட்ஜில இருக்கு. சுட வெச்சு அப்பாவுக்குக் கொடு. நான் டியூட்டி முடிஞ்சு வர எட்டு மணி ஆகும்.

"எல்லாம் சரியாப் போச்சுப்பா"ன்னு அவர்கிட்ட சொல்ல உனக்கு எப்படிடா வாய் வந்துச்சு? டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் உட்கார வெச்சுத்தானே சொன்னார்? வாய் வழியா டியூப் விட்டு, பித்தக் குழாய் அடைப்புல ஸ்டென்ட் வெச்சிருக்கு, மஞ்சக் காமாலை இறங்கும், அரிப்பு நிக்கும், ஆனா புற்று அங்கேயேதான் இருக்கும்னு. அங்க தலையாட்டிட்டு வந்தவன், கண்ணுல மஞ்சள் போனதும் கதையையே மாத்திட்டே.

இப்ப அவர் யூனிபார்மை எடுத்து அயர்ன் பண்ணிட்டு இருக்கார். திங்கக்கிழமையிலேர்ந்து பஸ் எடுக்கணுமாம். சாயந்தரம் நீயே பக்கத்துல உட்கார்ந்து உண்மையச் சொல்லு. ஒவ்வொரு தடவையும் நல்ல பேர் உனக்கு, கெட்ட சேதி சொல்றது மட்டும் நானா?

குளிர் காய்ச்சல் வந்தா மாத்திரை கொடுத்துட்டு உட்கார்ந்திருக்காதே. ஸ்டென்ட் அடைச்சிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.

அக்கா

பின்குறிப்பு: "யூனிபார்ம் பேன்ட் இடுப்புல நிக்கல, பிடிச்சுத் தெச்சுக் கொடு"ன்னார் அப்பா. "துணிய வெட்டிடாதே, உடம்பு தேறினதும் பிரிச்சுக்கலாம்"னார். சரிப்பான்னு சொல்லி, வெட்டாமத்தான் தெச்சு வெச்சிருக்கேன்.