வராத ரயிலுக்கு எழுதி வைத்த பெயர்

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்து கம்பியூட்டரைப் போட்டதும், நாம் பைத்தியம் பிடித்து விளையாடிய அந்த ஊர் கட்டும் விளையாட்டின் விளம்பரம் திரையில் வந்து நின்றது. அதன் புதிய பதிப்புக்கு எக்ஸ்பேன்ஷன் என்று ஒரு கூடுதல் பகுதி வரப்போகிறதாம். ஒழுங்கான படம் ஒன்றுகூட இல்லை, எப்போது வரும் என்றும் சொல்லவில்லை. கீழே ஒரு பொத்தான் மட்டும் இருந்தது, விஷ்லிஸ்ட் என்ற விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. ஆயிரக்கணக்கான பேர் அதற்குள் சேர்ந்துவிட்டார்களாம். பழுது பார்க்கப் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு டீச்சர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் வரவே இல்லாத சாமானுக்கு ஏன் தம்பி இப்பவே பேரு குடுக்குறாங்க?" என்று கேட்டார். "வேல வெட்டி இல்லாதவங்க டீச்சர்" என்று சிரித்துச் சமாளித்தேன். அவர் போன பிறகு அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால் அழுத்த முடியவில்லை. ஏன் என்று உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

நம் காலத்தில் பொத்தான் ஏது, நோட்டுக் கொப்பிதான். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் நான் சீடி கடை போட்ட புதிதில், சுவரில் ஓர் ஆணி அடித்து அந்தக் கொப்பியைத் தொங்கவிட்டிருந்தேன். கொழும்புக்கே இன்னும் வந்து சேராத விளையாட்டுகளின் பெயரை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதுவேன். வேண்டியவர்கள் கீழே பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். எழுதினால் ஒரு சீடி எடுத்து வைப்பேன், அவ்வளவுதான் விஷயம். ஆனால் எழுதியவர்கள் அத்தோடு விட மாட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை வந்து கொப்பியைப் புரட்டுவார்கள். சீடி வந்துவிட்டதா என்று கேட்க மாட்டார்கள், தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். மொனராகலையிலிருந்து ஒருவர் இதற்கென்றே பஸ் ஏறி வருவார்.

அவர்களுக்கெல்லாம் தலைவன் நீ. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலை உனக்கு. மடுல்சீமைக்கு மேலே, பத்து வீடு ஒரே தகரக் கூரைக்குக் கீழே நெருக்கிக்கொண்டு நிற்கும் லயத்தில், நீயும் உங்கப்பாவும் மட்டும். அங்கே உதிரிச் சாமான்களைப் பொறுக்கி நீயே பூட்டிய ஒரு கம்பியூட்டர். அதில் எட்டு மாதமாக ஓர் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தாய். உன் ஊரில் லயமே கிடையாது. எல்லாம் தனித்தனி வீடு. வீட்டுக்கு வீடு இடைவெளி விட்டு, சுற்றிவர மரம் வைத்திருந்தாய். "இடத்த வீணாக்குற" என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்த விளையாட்டுக்கு ரயில் பாதையோடு ஒரு எக்ஸ்பேன்ஷன் வரப்போகிறது என்று யாரோ சொன்ன அன்றே பஸ் பிடித்து வந்து, கொப்பியில் முதல் ஆளாகப் பெயர் எழுதினாய்.

"பதுளையோட நின்னுபோன ரயில நான் மடுல்சீமைக்கு ஏத்திக் காட்டுறேன், பாரு."

"அது வர்றதுக்கு இன்னும் எத்தன மாசமோ. இப்பவே என்னடா அவசரம்?"

"பேரு குடுத்து வச்சிட்டா, அது வர்ற வரைக்கும் நாம இருந்தே ஆகணும்ல மச்சான்" என்றாய்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். விளையாடுகிறவர்கள் ஏன் இப்படிப் பெயர் கொடுத்து வைக்கிறார்கள் என்று இன்று யார் கேட்டாலும் எனக்குத் தெரிந்த பதில் அதுதான். மறந்துபோகாமல் இருக்க, வந்த அன்றே கையில் கிடைக்க என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். அடியில் கிடப்பது நீ சொன்னதுதான். வரப்போகிற ஒன்றில் நம் பெயர் இருந்தால் நாமும் அதுவரை இருப்போம் என்று ஒரு நம்பிக்கை.

அந்த வருடம்தான் உங்கள் வீட்டின் பின்சுவரில் வெடிப்பு விழுந்தது. முதலில் தலைமயிர் கிடந்த மாதிரி இருந்தது. நீ சீடியில் ஒட்டும் லேபிள் ஒன்றை என்னிடம் வாங்கிக்கொண்டு போய் அதன் குறுக்கே ஒட்டினாய். மலை நகர்கிறதென்றால் கிழியும், இல்லையென்றால் இருக்கும். அடுத்த வாரமே கிழிந்துவிட்டது. அதற்கடுத்து நீ ஒட்டியதும் கிழிந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, லயத்துக்கு மேலே மண் இளகிவிட்டது, மழை பிடித்தால் யாரும் இங்கே தங்கக் கூடாது, பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். வேறு இடத்தில் வீடு தருவதாகச் சொல்லி எல்லார் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்கள். உங்கப்பாவின் பெயர் நாலாவது.

"இப்ப ரெண்டு லிஸ்டுல நம்ம பேரு இருக்கு. எது மொதல்ல வருதுன்னு பாப்போம்" என்று அதற்கும் ஒரு பகிடி விட்டாய்.

இனி நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். அப்போதெல்லாம் பெரிய ஃபைல்களைக் கொண்டு போக வேறு வழி இல்லை. ஹார்ட் டிஸ்கையே கழற்றித் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாய். மழை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பும் பாட்டு ஏற்றிக்கொள்ள அப்படித்தான் வந்தாய். நீ சாப்பிடக் கீழே போன நேரம், உன் ஊரைச் சேமித்து வைத்த சேவ் ஃபோல்டரைக் கடைக் கம்பியூட்டரில் பிரதி எடுத்துப் போட்டுக்கொண்டேன். விளையாட்டில் நான் கட்டிய ஊரில் மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவே இல்லை, உன் ஊரில் மட்டும் எப்படி ஏறுகிறது என்று பார்க்க ஆசை. உன்னிடமே கேட்டிருக்கலாம். கேட்க வீம்பு விடவில்லை.

மழை பிடித்தது. மடுல்சீமைக்குப் போகும் பசறை வீதியில் இரண்டு இடத்தில் மண் விழுந்து, பஸ் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. நீங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு எனக்கு உயிர் வந்தது. அந்த வாரம் பார்த்து எக்ஸ்பேன்ஷன் வந்து சேர்ந்தது. அடுத்த நாள் காலை நீ பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து போன் எடுத்தாய். சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மச்சான், ரயில் வந்துருச்சு."

நீ போட்ட சத்தத்தில் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"பஸ் ஓடுனா நாளைக்கே வரேன். பழைய ஊரு சேவ் இருந்தாத்தானே அதுல பாதை போடலாம்? டிஸ்கு லயத்துல கெடக்கு. போயி எடுத்துக்கிட்டு வந்துர்றேன்."

"இந்த மழையில லயத்துக்கா?"

"இப்ப விட்டிருக்குடா. பத்து நிமிசம். அப்பாவும் ட்ரங்குப் பெட்டியில பிரஜாவுரிமப் பத்திரம் கெடக்குன்னு ரெண்டு நாளா பொலம்புறாரு. மழ நிக்கட்டும், போக முடியாதுன்னு சொல்லி வச்சிருந்தேன். அப்படியே அதையும் எடுத்துக்கலாம்."

உன் ஊர் முழுவதும் என் முன்னால் இருந்த கம்பியூட்டரில் கிடந்தது, மச்சான். "போகாதே, என்னிடம் இருக்கிறது" என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? திருடினேன் என்று தெரிந்தால் ஊர் பூராவும் சொல்லிக் கிண்டல் பண்ணுவாயே என்று யோசித்தேன். நீ நேரில் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "சரி, பாத்துப் போ" என்றேன்.

மலை மண் சரிந்து வந்தபோது லயத்தில் உன்னைத் தவிர ஒரு சுடு குஞ்சுகூட இல்லை. பள்ளிக்கூட வாசலிலிருந்து உங்கப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். இரண்டாம் நாள்தான் உன்னை எடுத்தார்கள். நீ ட்ரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தாயா, கம்பியூட்டருக்குப் பக்கத்தில் கிடந்தாயா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கையில் ஒன்றும் இருக்கவில்லை என்றார்கள்.

வீட்டு லிஸ்டும் ஒருவழியாக வந்தது, நீ போய் நாலு வருடம் கழித்து. தனி வீடு. உங்கப்பா அதில் தனியாக இருக்கிறார். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய் எட்டிப் பார்ப்பேன். போகும்போதெல்லாம் அவர் ஒன்றையே சொல்வார். "நான் அந்தப் பத்திரத்தக் கேட்டிருக்கக் கூடாது தம்பி." ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, இத்தனை வருடமாக. என் பாவத்தை அந்த மனிதர் தலையில் சுமந்துகொண்டு அலைகிறார், நானோ அவர் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வருகிறேன். வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, என்ன ஆனாலும் சொல்லிவிடுவது என்றுதான் மடுல்சீமைக்கு பஸ் ஏறினேன். வாசற்படியில் உட்கார்ந்து, "மாமா, அன்னைக்கு அவன் போனதப் பத்தி ஒன்னு சொல்லணும்" என்று தொடங்கியும்விட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குப் போனான்னு நாலு பேரு நாலு விதமாப் பேசுனாங்க தம்பி. எனக்குத் தெரியும். மொதல்ல மாட்டேன்னான், அப்புறம் அப்பன் மனசு நோவுதேன்னு எனக்காகத்தான் போனான். வேற எதுக்குப் போவான் அவன்? அது ஒன்ன நெனச்சுத்தான் காலையில எந்திரிக்கிறேன்."

இத்தனை வருடமும் அவர் சுமப்பது குற்றம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். அதற்குள் நீயும் இருக்கிறாய் என்பது அன்றுதான் தெரிந்தது. நான் உண்மையைச் சொன்னால் அவருக்காகப் போன மகனும் இல்லாமல் போவான். உன்னை ஒருதரம் வாய் திறக்காமல் கொன்றேன். இன்னொருதரம் வாய் திறந்து கொல்ல என்னால் முடியவில்லை.

"என்னமோ சொல்ல வந்தியே தம்பி?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னதுதான் மாமா. உங்களுக்காகத்தான் போனான்" என்றேன்.